பந்தலுக்கு வெளியே பத்தடி

சென்ற வாரம் ஒரு காதணி விழா வீடியோவை நான்கு முறை பார்த்தேன்.

முதல் மூன்று முறை சந்தோஷமாகத்தான் பார்த்தேன். நான்காவது முறை பார்த்து முடித்தபோது, கையில் இருந்த காபி ஆறிப்போயிருந்தது. ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

பேய், பிசாசு என்று எழுதுகிற ஆள் நானில்லை. வாராவாரம் படிக்கிற உங்களுக்கு அது தெரியும். பத்திரிகை வேலையில் இருந்தபோது ‘மர்ம உருவம் நடமாட்டம்’ என்று யாராவது செய்தி கொண்டுவந்தால், ‘எத்தனை மணிக்கு? எந்தத் தெருவில்? பார்த்தது யார்?’ என்று கேட்பேன். பாதிச் செய்தி அந்த மூன்று கேள்வியில் செத்துவிடும்.

இதையும் அதே முறையில் சொல்கிறேன்.

இடம், தேனி பக்கம் பழனிசெட்டிபட்டி. நேரம், ஆனி மாதக் கடைசியில் ஒரு பிற்பகல், மூன்று மணி. ஆள், ஈஸ்வரன். வயது முப்பத்தாறு. சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். முன்னால் கடை, பின்னால் வீடு, மாடியில் சரக்கு அறை. என் மொட்டைமாடித் தோட்டத்துக்கு வால்வு, குழாய் எல்லாம் அவரிடம்தான் வாங்குவது. பத்து வருடப் பழக்கம்.

அன்று நான் கேட்ட வால்வு கடையில் இல்லை. “மேல கிடக்கும். வீட்ல உக்காருங்கண்ணே, எடுத்தாரேன்” என்று வெளிப்படிக்கட்டு வழியாக ஏறிப் போனார்.

வீட்டுக்குள் அவருடைய அம்மா காமாட்சியம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துக் காற்று மாதம் உங்களுக்குத் தெரியுமா? ஜன்னலைத் திறந்தால் காலண்டர் சுவரில் நிற்காது. ஆகவே எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பட்டப்பகலில் ஒரு டியூப்லைட்.

அப்போதுதான் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது.

சரக்... டப். சரக்... டப்.

ஒரு கால் இழுபடுகிறது. இன்னொரு கால், தரை எங்கே இருக்கிறது என்று தெரியாததுபோலத் ‘தொப்’பென்று விழுகிறது.

காமாட்சியம்மாவின் கை நின்றது. கூரையைப் பார்த்தார். பிறகு அவர் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு முதுகு சில்லிட்டது. சரிந்திருந்த சேலைத் தலைப்பை எடுத்துத் தோளை மூடி, சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அவுக வந்துட்டாக” என்றார்.

“யாரும்மா?”

“ஈசுவோட அப்பாதான். ஒரு மாசமா இந்நேரத்துக்கு வாராக. மேல நடப்பாக. ஒண்ணும் செய்ய மாட்டாக.”

ஈஸ்வரனின் அப்பா பெருமாள் இறந்து எட்டு வருடம். அவருடைய போட்டோ எதிர்ச்சுவரில், சீரியல் பல்பு மாலையோடு இருந்தது.

சத்தம் மேலே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது. நின்றது. படியில் இறங்க ஆரம்பித்தது. சரக்... டப். வாசலுக்கு வந்தது. கதவு திறந்தது.

ஈஸ்வரன். ஒரு கையில் வால்வு, இன்னொரு கை சுவரில்.

சரக்... டப்... சரக்... டப்... என்று என்னிடம் வந்தார்.

காமாட்சியம்மா மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். மொச்சைத் தட்டு மடியிலிருந்து கவிழ்ந்து, பருப்பெல்லாம் தரையில் ஓடியது.

பெருமாளை ஊரில் ‘தண்ணி வண்டி’ என்பார்கள். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை என்பது அந்த வீட்டுக்கு மட்டும்தான் தெரியும் — அதுவும் தாமதமாக. நாற்பது வயதில் தள்ளாட ஆரம்பித்தார். பேச்சு குழறியது. நம்மூரில் தள்ளாடுகிறவனுக்கு ஒரே ஒரு நோய்தானே உண்டு!

“எங்க அக்காதான் சாயந்தரம் ஆனா அப்பா வாய மோந்து பாப்பா” என்று ஈஸ்வரன் பிறகொருநாள் சொன்னார். “அப்ப அவளுக்குப் பதினாலு வயசு. வாசமே வராது. அப்பயும் நாங்க நம்பலண்ணே. வாசம் வராத சரக்கு ஏதோ புதுசா வந்திருக்குண்டுதான் நெனச்சோம்.”

தேனியில் ஒரு நரம்பு டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனேன். ஈஸ்வரனை வராந்தாவில் தரை டைல்ஸின் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார் அந்த அம்மா. குதிகாலை ஒட்டி விரல், விரலை ஒட்டிக் குதிகால். மூன்றாவது அடியில் ஈஸ்வரன் சுவரைப் பிடித்தார். டாக்டர் அதைப் பின்னாலிருந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டார். ஸ்கேன், ரத்தம், மரபணுச் சோதனை என்று மூன்று வாரம் போனது.

சிறுமூளை. பின்மண்டையில் ஒரு கைப்பிடி அளவு இருக்கிற சமாசாரம். நாம் நேராக நடப்பது, குறி தவறாமல் டம்ளரை எடுப்பது எல்லாம் அதன் உபயம். அதில் உள்ள செல்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. அப்பாவிடமிருந்து வந்தது. பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம். காசு சுண்டுவது மாதிரிதான்.

“அப்ப மருந்தே இல்லையா டாக்டர்?”

“குணப்படுத்தற மருந்து இல்ல. நடைப் பயிற்சி இருக்கு. அதோட சேர்த்து ஒண்ணு செஞ்சு பார்க்கலாம். ஆபரேஷன் கிடையாது, ஊசி கிடையாது. பின்மண்டையில வெளியில இருந்தே லேசா கரண்ட் கொடுக்கிறது.”

ஈஸ்வரன் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். கரண்ட் விஷயத்தில் நமக்கு இரண்டே பயம்தான். ஒன்று, அது இல்லாமல் போவது. இரண்டு, அது இருக்கும்போது தொடுவது.

“ரொம்ப ரொம்பச் சின்ன கரண்ட். உள்ளே செத்துப்போன செல்லை இது எழுப்பாது. மிச்சம் இருக்கறதைக் கொஞ்சம் உசுப்பும், அவ்வளவுதான். சிலருக்குக் கேக்குது. சிலருக்குக் கேக்கறதில்ல. கேட்டாலும் சில மாசத்துல பழையபடி குறையலாம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. எல்லாத்தையும் சொல்லிட்டேன், யோசிச்சுச் சொல்லுங்க.”

ஈஸ்வரன் யோசிக்கவில்லை. “ஆவணியில ஒரு நாள் மட்டும் நேரா நடந்தாப் போதும் டாக்டர்” என்றார்.

ஆவணியில் என்ன? அவருடைய அக்கா முருகேஸ்வரியின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காது குத்து. தாய்மாமன் இவர் ஒருவர்தான். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை, கம்மல் வைத்த சீர்த்தட்டை ஏந்தி, மேளத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். பிறகு பிள்ளைகளை மடியில் உட்கார வைக்க வேண்டும். ஆசாரி ஊசியை எடுக்கும்போது அந்த மடி ஆடக் கூடாது.

“இருநூறு அடி இருக்கும்ணே” என்றார் வெளியே வந்ததும். “எங்கப்பாவப் பாத்துச் சிரிச்ச அதே ஆளுகதான் அங்கன ரெண்டு பக்கமும் நிக்கப் போறாக.”

விஷயம் டீக்கடைக்கு எட்ட ஒரு நாள் ஆனது. “என்னண்ணே, தலையில கரண்டு விடுறாகளாமே? காட்டுப்பன்னிக்கு வேலியில விடுறோமே, அதா?” என்று கேட்டார் மாஸ்டர்.

“அதுல பாதியில பாதிகூட இல்லப்பா. பன்னிக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல” என்றார் ஈஸ்வரன். கடையே சிரித்தது. டம்ளரை மட்டும் அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

முதல் நாள் நானும் போனேன். பிசியோதெரபி அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு ஒயர், நுனியில் உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்ச். ஒன்றைப் பின்மண்டையில் வைத்து ரப்பர் பட்டையால் கட்டினார்கள். இன்னொன்று தோளில். தண்ணீர் கழுத்தில் சொட்டியது. பெட்டியில் ஒரு பச்சை விளக்கு. அவ்வளவுதான். சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. இருபது நிமிடம் ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் டிரான்சிஸ்டரின் சதுர பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“எறும்பு ஊறுதுண்ணே...” கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். “சிரிக்காதீக. பின்னாடி யாரோ நின்னுக்கிட்டு, ரெண்டு விரலால பிடரியத் தொடுற மாதிரி இருக்கு. நடடா, நடடாங்கற மாதிரி.”

அவருக்குப் பின்னால் வெறும் சுவர்தான். நான் பார்த்துக்கொண்டேன். பழக்க தோஷம்.

வாரத்தில் ஐந்து நாள். இருபது நிமிடம் கரண்ட், பிறகு ஒரு மணி நேரம் நடைப் பயிற்சி. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழாவுக்கு நாள் குறிப்பதற்காக அக்காவைப் பார்க்கக் கிளம்பினோம். ராயப்பன்பட்டிக்குப் போகிற வழியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். வீட்டுக்காரர் மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறார். தோட்டம் முழுக்க முருகேஸ்வரியின் பொறுப்பு. எப்போது போன் போட்டாலும் தோட்டம்தான். சாப்பாடும் அங்கேதான். அப்படியொரு உழைப்பாளி என்று ஊரில் பேச்சு.

திராட்சைப் பந்தலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையாகக் கல்தூண். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, குறுக்கும் நெடுக்கும் கம்பி. அதன்மேல் கொடி படர்ந்து, உள்ளே எந்நேரமும் ஒரு பச்சை இருட்டு. உள்ளே போகிற எவருக்கும் ஒரு கை தானாக மேலே போய்விடும். கம்பியைப் பிடித்து, குலையை விலக்கி, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர் மாதிரி நடப்பார்கள்.

முருகேஸ்வரி அப்படித்தான் வந்தார். நல்ல நடை. விறுவிறுவென்று.

“ஏலே ஈசு, என்னடா பூனை நடக்குற மாதிரி வார? நேரா வாடா!”

“உள்ள வந்தா எனக்கும் நேராயிருதுக்கா” என்று சிரித்துக்கொண்டே ஈஸ்வரன் கம்பியைப் பிடித்தார். உண்மைதான். கம்பியைப் பிடித்ததும் அவர் நடை முழுதாகச் சரியாகிவிட்டது.

முருகேஸ்வரியின் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. “அத எடுத்துக் குடுங்கண்ணே” என்று என்னிடம் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு, மிஷினைப் பற்றிக் கேட்டார். நிறையக் கேட்டார். “வலிக்குமாடா? எம்புட்டு நேரம்? பொம்பளைகளுக்கும் வப்பாகளா? முடிய வழிக்கணுமா?”

“வழிக்க வேணாம். ஒதுக்கிட்டு நனைச்சாப் போதும். நீ எதுக்குக் கேக்குற?”

“சும்மாதான்.”

“கூடப்பொறந்தவகளும் வந்து காட்டிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாகக்கா.”

“பழம் வெட்டு முடியட்டும்டா. இந்த நேரத்துல நான் எங்குட்டு வர?”

கைநிறையப் பழம் கொடுத்து அனுப்பினார். பந்தலின் விளிம்பு வரை வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, நாங்கள் போவதைப் பார்த்தார். ரோட்டுக்கு வரவில்லை.

மூன்றாவது வாரத்தில் மாடியில் சத்தம் நின்றது. ஈஸ்வரன் சரக்கெடுக்கப் போவதும் வருவதும் கீழே கேட்கவில்லை. ஒருநாள் காமாட்சியம்மா என்னிடம், “அவுக போயிட்டாக போல” என்றார். அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மாடியில் நடந்தது மகன்தான் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும், சிகிச்சைக்கு முன் டாக்டர் எடுத்த வீடியோவை ஈஸ்வரன் காட்டியபோது, போன் திரையை விரலால் தொட்டு, “இத எப்ப எடுத்தாக?” என்று கேட்டார். பெருமாளை உயிரோடு இருக்கும்போது யாரும் வீடியோ எடுத்ததில்லை.

ஆவணிக் கடைசியில் விழா நாளும் வந்தது. செண்டை மேளம் கேரள எல்லையைத் தாண்டி வந்திருந்தது. எங்கள் பக்கம் இப்போது அதுதான் மவுசு. பிள்ளையார் கோயில் வாசலில் ஈஸ்வரன் பட்டு வேட்டியில், கையில் வெள்ளித் தட்டோடு நின்றார். உதடு வெளுத்திருந்தது.

வழக்கப்படி அக்கா மண்டப வாசலில் நின்று சீரை வாங்க வேண்டும். ஆனால், முருகேஸ்வரி காரில் வந்து கோயில் வாசலிலேயே இறங்கினார். தம்பியின் தோளில் கையை வைத்தார். “நடடா” என்றார்.

நடந்தார். இருநூறு அடி. மெதுவாக, நேராக. அக்கா தோளைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தம்பியத் தாங்கிக் கூட்டிட்டு வாரா பாரு... மகராசி.”

மடி ஆடவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் காது குத்தியாயிற்று. பையன் அலறிய அலறலில் மேளம் தோற்றது. ஈஸ்வரன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். ஜெயித்தவரின் முகம். நானும் மனதுக்குள் தலைப்பு எழுதிவிட்டேன்: ‘அக்காவின் கை.’

இனி, அந்த வீடியோ. சென்ற வாரம் ஈஸ்வரன் வீட்டு ஹாலில், டிவியில் போட்டுப் பார்த்தோம்.

முதல் முறை அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டாவது முறை அவர் காலை. மூன்றாவது முறை ஜனங்களை. நான்காவது முறை, தலைப்புக்குப் பொருத்தமான படமாக இருக்கட்டும் என்று அக்காவின் கையைப் பார்த்தேன்.

தாங்குகிற கை அப்படி இருக்காது.

விரல்கள் சட்டைத் துணியைக் கொத்தாகச் சுருட்டிப் பிடித்திருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அது ஆள்மேல் வைத்த கை இல்லை. கம்பியைப் பிடிக்கிற கை.

மண்டப வாசலில், ஆரத்திக்காக மேளம் சில நொடிகள் நின்றது. இரண்டு பேரும் ஜல்லியின் மேல் நடந்து வருகிறார்கள். ஈஸ்வரனின் கால் நேராக ஊன்றி எழுகிறது. அந்த அமைதியில் டிவியிலிருந்து கேட்டது...

சரக்... டப். சரக்... டப்.

அடுப்படியிலிருந்து காமாட்சியம்மா வந்து நின்றார். சேலைத் தலைப்பு தோளில் இருந்தது. டிவியைப் பார்த்தார். இந்த முறை ‘அவுக’ என்று சொல்லவில்லை.

“அய்யோ, ஆத்தா...” என்றார். “முருகு.”

ஈஸ்வரன் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். அவர் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் கொடுமை.

மறுநாள் மாலை நான்கு மணிக்குத் தோட்டத்துக்குப் போனோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். முருகேஸ்வரி பந்தலுக்குள்ளிருந்து கம்பி மாற்றிக் கம்பியாகப் பிடித்து வந்தார். விளிம்பில் தூணருகே நின்றார். நாங்கள் வரப்பில் நின்றோம். இடையில் பத்தடி. பிடிப்பதற்கு ஒன்றுமில்லாத வெறும் தரை. காய்ந்த திராட்சை இலை.

“உள்ள வாங்க. வெயில்ல ஏன் நிக்கிறீக?”

“நீ வாக்கா வெளிய” என்றார் ஈஸ்வரன்.

“வேல கெடக்குடா.”

“பத்தடிதான். வாக்கா.”

முருகேஸ்வரி தம்பியைப் பார்த்தார். பிறகு என்னை. நான் அவருக்குக் கத்தரி எடுத்துக் கொடுத்தவன்.

“எம்புட்டு நாளாக்கா?”

“ரெண்டு வருசம் இருக்கும்.” ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். “அப்பா வாய மோந்து பாத்தவடா நானு. என் கால் போறது எனக்குத் தெரியாதா?”

தூணை விட்டார்.

சரக்... டப். இலைகளின் மேல் அது இன்னும் தெளிவாகக் கேட்டது. எட்டு வருடம் முன்னால் செத்துப்போன ஒருவர் பந்தலைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். நாலாவது அடியில் முருகேஸ்வரியின் உடம்பு சாய்ந்தது. ஈஸ்வரன் இரண்டே எட்டில் போய் அவர் கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டார். எவ்வளவு நாளைக்கு அந்தத் தோள் நேராக இருக்கும்? டாக்டர் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது, அவருக்கும் நினைவிருக்கும்.

“திங்கக்கிழம என்கூட பஸ் ஏறுற” என்றார்.

முருகேஸ்வரி இன்னொரு கையால் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“முடிய வழிக்க வேணாம்னுதானடா சொன்ன?”

“வேணாம்க்கா. நனைச்சாப் போதும்.”

அப்போது பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு எங்களைத் தாண்டி, குறுகலான வரப்பின் மேல் ஓடின. முன்னால் அக்கா, பின்னால் தம்பி. கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு.

எங்கள் மூன்று பேரின் கண்ணும் அந்தக் கால்களுக்குப் போனது. போன வேகத்தில் மூன்று பேரும் முகத்தைத் திருப்பி, மேற்கே மலையைப் பார்க்க ஆரம்பித்தோம்.

அன்று மலையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.